இடிந்த வீட்டுக்குக் கான்கிரீட் மட்டும்தான் பதிலா? லாரி பேக்கர் போட்ட வேறு கணக்கு

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ ஒரு வீட்டை முழுசாக இடித்துவிட்டால், இந்தியாவில் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி சமவெளியில் 1.2 லட்சம் ரூபாயும் மலைப்பகுதியில் 1.3 லட்சம் ரூபாயும் கிடைக்கும். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பாருங்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 445 ரூபாய் வருகிறது.

சொந்த ஊரில் மாடி எடுக்கலாம் என்று மேஸ்திரியிடம் ரேட் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தக் காசுக்கு வீடு எழும்பாது. மாநில அரசுகள் மேலே போட்டுக் கொடுப்பது உண்டு, தொண்டு நிறுவனங்கள் உதவுவதும் உண்டு. அப்படியும் மிச்சம் விழும் பள்ளத்தைப் பெரும்பாலும் கடன்தான் நிரப்புகிறது. வீட்டை இழந்த குடும்பம், அடுத்து வட்டி கட்டும் குடும்பமாகிவிடுகிறது.

இந்தப் பள்ளத்தை நிவாரணத் தொகையை ஏற்றித்தான் நிரப்ப முடியுமா, கட்டும் விதத்தை மாற்றியும் நிரப்ப முடியுமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடி 60 ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வேலை செய்தவர் லாரி பேக்கர். கேரளத்தின் செங்கல் ஜாலிச் சுவர்களோடு மட்டும் அவர் பெயரைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் அவர் வைத்திருந்த பதில்கள்தான் இன்று நமக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

பர்மிங்காமிலிருந்து பம்பாய்க்கு

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அதே ஊரில் கட்டடக்கலை படித்து 1930களின் இறுதியில் தகுதி பெற்றார். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞராக ஒரு சாதாரண வாழ்க்கை அமைந்திருக்க வேண்டியவர். இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது.

பேக்கர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஆயுதம் எடுப்பதை ஏற்காதவர்கள் அவர்கள். போர்முனைக்குப் போக மறுத்த அவர் குவேக்கர் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார். சீனாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொழுநோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார்.

கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைத்த சீனத்துச் செருப்பு ஒன்றை பேக்கர் அணிந்திருந்ததாகவும், காந்தியின் கண் முதலில் அதில்தான் விழுந்ததாகவும் பேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் அனைத்தும் அந்த இடத்தைச் சுற்றி 5 மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. பிறகு பேக்கர் கட்டிய எல்லாவற்றிலும் இந்த 5 மைல் கணக்கு எங்காவது ஒளிந்திருக்கும்.

1945-ல் அவர் மறுபடி இந்தியா வந்தார். தொழுநோயாளிகளுக்கான ஒரு மிஷன் அமைப்பின் கட்டடக் கலைஞராக, உத்தரப் பிரதேசத்தின் ஃபைசாபாத்தில் தங்கி வேலை செய்தார். அதுவரை நோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவு. சுற்றிக் கிடைப்பது மண், சாணம், மூங்கில், உள்ளூர்க் கல். இங்கிலாந்தில் படித்த பாடத்தில் இவை எதற்கும் இடம் இருக்கவில்லை. படித்த கட்டடக் கலைஞர், படிக்காத கொத்தனாரிடம் பாடம் கேட்க ஆரம்பித்தது அங்கேதான்.

பித்தோராகரில் 16 ஆண்டுகள்

ஃபைசாபாத்தில் ஒரு மலையாளி மருத்துவரின் வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய சகோதரி டாக்டர் எலிசபெத்துடன் பேக்கருக்கு அறிமுகம் ஏற்பட்டது. இரு தரப்பிலும் எதிர்ப்பு இருந்ததால் காத்திருந்து 1948-ல் திருமணம் செய்துகொண்டார்கள். திருமணம் முடிந்து இமயமலையின் பித்தோராகர் பக்கம் போனவர்கள், மருத்துவ வசதியே இல்லாத அந்த மலை மக்களைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். 16 ஆண்டுகள்!

எலிசபெத் அங்கே மருத்துவர். பேக்கர் மயக்க மருந்து கொடுப்பவர், செவிலியர், எடுபிடி, கட்டடக்காரர் எல்லாமும். மருத்துவமனையையும் பள்ளிகளையும் மலைக்காரர்களோடு சேர்ந்து கட்டினார். அப்போது அவர் கவனித்த ஒரு விஷயம் அவருடைய பிற்காலப் பேச்சுகளிலும் எழுத்துகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த மலைவீடுகளை யாரும் ஒரே நாளில் யோசித்து வரையவில்லை. பனி, மழை, நிலநடுக்கம் என எது வந்தபோது எது விழுந்தது, எது நின்றது என்று பல நூறு ஆண்டுகள் பார்த்துப் பார்த்துத் திருத்திய வடிவம் அது. இன்றைய மொழியில் சொன்னால், ஆயிரக்கணக்கான முறை சோதித்த டேட்டா.

இதற்கு இமயமலையிலேயே நல்ல சான்று உண்டு. உத்தரகாசிப் பகுதியின் கோட்டி பனால் பாணி வீடுகள் கல்லையும் மரச்சட்டங்களையும் மாறி மாறி அடுக்கிப் பல மாடிகளாக எழுப்பப்பட்டவை. 1991 அக்டோபர் 20 அன்று ரிக்டர் அளவில் 7-ஐ நெருங்கிய நிலநடுக்கம் உத்தரகாசியை உலுக்கி 700-க்கும் அதிகமானோர் இறந்தபோது, இந்தப் பழைய வீடுகள் பல அசையாமல் நின்றன. அதிர்வு வரும்போது மரச்சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்து, கல்லைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாட்டன் காலத்து வேலைதான், ஆனால் பின்னால் இருப்பது சுத்தமான இயற்பியல்.

திருவனந்தபுரத்தின் செங்கல் கணக்கு

1963-ல் இருவரும் கேரளத்தின் வாகமண்ணுக்கு வந்து, சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் குடியேறினார்கள். பேக்கர் கட்டடங்கள் என்று நாம் இன்று கொண்டாடுபவற்றில் பெரும்பாலானவை அவர் 50 வயதைத் தாண்டிய பிறகு கட்டியவை. பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும், லயோலா தேவாலயமும், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் சுழலும் செங்கல் கட்டடமும் அப்படி வந்தவைதான்.

செலவை அவர் எப்படிக் குறைத்தார்? மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது இங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். வேலை செய்யாததைத் தூக்கினார்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. ரேட் ட்ராப் பாண்ட் என்று சொல்வார்கள். வழக்கமாகச் செங்கலைப் படுக்கவைத்து அடுக்குவோம். இதில் செங்கலை விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே கூடு விட்டுக் கட்டுவார்கள். அதே 9 அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் கிட்டத்தட்ட 25 சதவீதம் மிச்சம். 10,000 கல் தேவைப்படும் இடத்தில் 7,500 போதும். நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது.

இரண்டாவது, ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டார். சிமென்ட் குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது, எடை குறைந்ததால் கம்பியும் குறைந்தது.

மூன்றாவது, ஜன்னலுக்குப் பதில் ஜாலி. மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கீல் எதுவும் வேண்டாம். செங்கலையே இடைவெளி விட்டு அடுக்கினால் வெளிச்சமும் காற்றும் வரும், திருடன் வரமாட்டான். சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்றால் பெயின்ட் செலவும் போச்சு. முடிந்த இடத்தில் சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு.

இன்று உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. பேக்கர் சிமென்ட்டைக் குறைத்தபோது பருவநிலை மாற்றம் தலைப்புச் செய்தி ஆகியிருக்கவில்லை. அவர் பார்த்தது ஏழைக் குடும்பத்தின் செலவுச் சீட்டை. சிக்கனமும் சூழல் அக்கறையும் ஒரே கணக்கில் வந்து நின்றன.

பூந்துறை: காற்றோடு சண்டை போடாத வீடு

திருவனந்தபுரத்தை ஒட்டிய பூந்துறை ஒரு மீனவக் கடற்கரை. 1970களின் நடுவில் அங்கே மீனவர்களுக்கான வீடுகளை பேக்கர் வடிவமைத்தார். கடலோரத்தில் காற்று எப்போதும் எதிரி. அதைத் தடுக்கக் கெட்டியான சுவர் எழுப்புவதுதான் எவருக்கும் தோன்றும் யோசனை. பேக்கர் நேர்மாறாகப் போனார். சுவர் முழுக்க ஜாலியாக்கிக் காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பினார். கூரையைத் தாழ்வாக, சரிவாக வைத்தார். காற்றுக்கு முட்டிக்கொள்ள இடமே இல்லாவிட்டால் அது எதைத் தள்ளும்?

வீடுகளை ரயில் பெட்டி மாதிரி ஒரே நேர்வரிசையில் வைக்கவும் இல்லை. ஒன்றுக்கொன்று விலக்கி அமைத்ததால் ஒவ்வொரு வீட்டு முற்றத்துக்கும் கடல்காற்று கிடைத்தது, கடலும் தெரிந்தது. வலை காயப்போட இடம், வெளியே படுக்க முற்றம், பிள்ளைகள் விளையாடத் திடல். மீனவக் குடும்பத்தின் பாதி வாழ்க்கை வீட்டுக்கு வெளியே நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது. பின்னர் வந்த புயல்காற்றுகளையும் அந்த வீடுகள் தாங்கின.

லாத்தூர்: குற்றவாளி கல்லா?

1993 செப்டம்பர் 30 அதிகாலை. மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை நிலநடுக்கம் தாக்கியது. ரிக்டர் அளவு 6-ஐச் சற்றே தாண்டியதுதான். ஆனால் இறந்தவர்கள் பல ஆயிரம் பேர். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் தடித்த கல்சுவர்களும், வெயிலுக்காக மண்ணைக் கனமாகக் கொட்டிய கூரைகளும் விழுந்தன.

அடுத்த நாளே ஊர் முழுக்கக் கல் கெட்ட பெயர் வாங்கியது. கல்வீடு கொல்லும், கான்கிரீட் காப்பாற்றும் என்ற முடிவுக்கு மக்களும் அதிகாரிகளும் வந்துவிட்டார்கள். பயத்தில் பிறந்த முடிவு, புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தச் சுவர்களை உற்றுப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் நீளக்கல் பல இடங்களில் இல்லை. மூலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவில்லை. சுற்றிலும் இடுப்புக்கச்சை மாதிரி கட்டும் பட்டையும் இல்லை. குலுங்கியதும் சுவர் இரண்டாகப் பிளந்தது, மேலே இருந்த பாரம் இறங்கியது.

இந்த இடத்தில்தான் பேக்கரின் வாதம் கூர்மையாகிறது. பிழை பொருளில் இல்லை, அதைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. கட்டும் விதத்தைத் திருத்தாமல் பொருளை மட்டும் மாற்றினால், அடுத்த நிலநடுக்கத்தில் மோசமாகக் கட்டிய கான்கிரீட் விழும். அது கல்லைவிடக் கனமாக விழும்.

லாத்தூர் பகுதியில் 52 கிராமங்கள் மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. அகலமான நேர்த்தெருக்கள், வரிசை வீடுகள். வாடா எனப்படும், சுற்றுச்சுவரும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளின் நெருக்கம் காணாமல் போனது. இடிந்த கல் மலைமலையாகக் கிடக்க, சிமென்ட்டும் கம்பியும் லாரியில் வந்து இறங்கின.

1999 மார்ச் 29 நள்ளிரவுக்குப் பின் உத்தரகண்டின் சமோலி குலுங்கியது. ஏறக்குறைய 100 பேர் இறந்தார்கள். பேக்கர் ஒரு காலத்தில் வாழ்ந்த அதே இமயமலைச் சரிவுகளின் மேற்குப் பக்கம். அப்போது அவருக்கு வயது 82. சமோலி மக்களுக்காக நிலநடுக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்தார். அவருடைய மற்ற கையேடுகளைப் போலவே கையால் எழுதி, கையால் படம் வரைந்தது. படிக்கத் தெரியாத கொத்தனாரும் படத்தைப் பார்த்து எது சரி, எது தவறு என்று பிடித்துக்கொள்ள முடியும். பித்தோராகரில் மலைக்காரர்களிடம் கற்றதை, 36 ஆண்டுகள் கழித்து அவர்கள் கைக்கே திருப்பிக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்தது இந்த வாதத்துக்கு வலு சேர்த்தது. கட்ச் பகுதியில் பூங்கா எனப்படும் வட்ட மண்வீடுகள் பல தாக்குப்பிடித்தன. வட்டச் சுவரில் பலவீனமான மூலையே கிடையாது, கூரையும் லேசு. அங்கே அரசு பணத்தையும் தொழில்நுட்ப உதவியையும் நேராகக் குடும்பங்களிடம் கொடுக்க, சுமார் 2 லட்சம் வீடுகளை மக்களே மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

நாகப்பட்டினம் வரை வந்த பாதை

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது பேக்கருக்கு 87 வயது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நிதி குவிந்தது. அதோடு ஒரு பழைய பிழையும் திரும்ப வந்தது. சில மீனவக் கிராமங்களில் சேதமே ஆகாத ஓட்டு வீடுகளும் இடிக்கப்பட்டன. தரையைச் சமன் செய்வதற்காக நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டன. பிறகு வெயிலில் தகிக்கும் கான்கிரீட் பெட்டிகள் வரிசையாக எழுந்தன.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. பேக்கரிடம் தொழில் கற்றவர் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ். லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு பானேகாவ் கிராமத்தை மறுபடி கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்புடன் சேர்ந்து தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் அவர் வீடுகள் வடிவமைத்தார். ஒரே பிளானை ஊர் முழுக்க அச்சடிக்காமல், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசி வடிவத்தை முடிவு செய்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போயிருப்பீர்கள். 1996-ல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தின் வடிவமைப்பாளர் பேக்கர். கட்டும் பணியை முன்னெடுத்தவர் இதே குரியகோஸ்.

சரி, அப்புறம் ஏன் பரவவில்லை?

இவ்வளவு மிச்சம் என்றால் நாடு முழுக்க ஏன் இப்படிக் கட்டவில்லை? நியாயமான கேள்வி.

முதல் காரணம் காசுதான். கட்டடத் தொழிலில் கட்டணம் பெரும்பாலும் மொத்தச் செலவின் சதவீதமாக வருகிறது. செலவைக் குறைப்பவர் தன் வருமானத்தையும் குறைத்துக்கொள்கிறார். பேக்கர் அலுவலகமோ உதவியாளர் கூட்டமோ வைத்துக்கொள்ளவில்லை. பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் வரைந்து, தளத்தில் கொத்தனார்களோடு நின்றார். அந்த வாழ்க்கையை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, கைத்திறன். எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கொத்தனாரும் அளவு மாறாத செங்கலும் வேண்டும். பேரிடருக்குப் பின் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் கட்டும்போது அந்தக் கொத்தனார்களை எங்கே தேடுவது? முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தால்தான் முடியும். ஃபில்லர் ஸ்லாபைச் சரியாகப் போடாவிட்டால் ஒழுகும். நிலநடுக்கப் பகுதியில் கிடைமட்டப் பட்டையும் செங்குத்துக் கம்பியும் இல்லாமல் வெறும் செங்கல் கட்டு போதாது. நல்லவேளையாக, எலிப்பொறிக் கட்டின் நடுக்கூட்டிலேயே அந்தக் கம்பியை இறக்கிவிடலாம். கான்கிரீட்டே கூடாது என்பது பேக்கரின் கட்சியும் இல்லை. தேவைப்படும் இடத்தில், தேவையான அளவு என்பதுதான்.

மூன்றாவது, மனசு. பூசாத செங்கல், மண்சுவர் என்றாலே ஏழை வீடு என்று நினைப்பவர்கள் நாம். வாழ்நாள் முழுக்க மண்வீட்டில் இருந்த குடும்பம் கான்கிரீட் வேண்டும் என்று கேட்பதைத் தவறு சொல்ல முடியாது. அவர்களுக்கு அது பாதுகாப்பு மட்டும் இல்லை, மரியாதை. அதனால்தான் பேக்கர் தன் முறையை ஏழைகளுக்கென்று ஒதுக்கவில்லை. பேராசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அதே செங்கல்லில் கட்டினார். நாலாஞ்சிராவில் பாறைச் சரிவில் எழுந்த தன் சொந்த வீட்டையும், கிடைத்த பழைய கதவு, உடைந்த ஓடு, கண்ணாடிப் புட்டிகளை வைத்து அப்படித்தான் அமைத்தார்.

1985-ல் முன்னாள் முதல்வர் சி.அச்சுத மேனன், கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. 1980களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. 2007 ஏப்ரல் 1 அன்று, 90 வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

இப்போது அந்த 445 ரூபாய்க்கு வருவோம். பேக்கர் முறையில் கட்டினாலும் இந்தத் தொகை போதாது. நிவாரணத் தொகை உயரத்தான் வேண்டும். ஆனால் சுவரில் கால்வாசிச் செங்கல்லும், தளத்தில் கொஞ்சம் சிமென்ட்டும் கம்பியும், பூச்சும் ஜன்னல் சட்டமும் மிச்சமானால், அந்தக் குடும்பம் வாங்கும் கடன் சிறிதாகும். இடிந்த வீட்டின் கல்லும் ஓடும் மரமும் திரும்பச் சுவரேறினால் இன்னும் சிறிதாகும்.

அதற்கு வெள்ளம் வடிந்த பிறகு யோசித்தால் நேரம் இருக்காது. எந்த மாவட்டத்தில் எந்தப் பொருள் கிடைக்கும், எத்தனை கொத்தனார்களுக்கு இந்த வேலை தெரியும், எந்தப் பழைய வீட்டு வடிவம் கடந்த முறை நின்றது என்ற பட்டியல் முன்னாடியே கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் கண்ணில் பட்டால், படகு, ஜெனரேட்டர், நிவாரண முகாம் எண்ணிக்கையோடு இந்தப் பட்டியலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.